பனியில் முகம் தெரியட்டும்

இப்ப பிள்ளையள் அலுமாரிக்குள் கிடந்த பழைய டிஜிற்றல் கமராக்களைத் தூசி தட்டி எடுக்கினம். நல்ல விசயம்தான். ஆனால் எல்லாத்தையும் 'ஓட்டோ'விலேயே விட்டுவிட்டு அமத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

காரணம் இதுதான். கமராவின் ஒளிமானி, எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடும். ஜேர்மன் பனிக்கு முன்னால் எங்களை நிற்பாட்டினால், வெளிச்சம் கூடிப்போச்சு என்று குறைத்துவிடும். பனி சாம்பலாகும், எங்கட மண்ணிற முகம் கருநிழலாகும். ஊரில் படத்தைப் பார்க்கிற அம்மா தேடுவது பனியையா, பிள்ளையின் முகத்தையா?

பல கமராக்களில் +/− என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை +1இல் வையுங்கோ. இல்லாவிட்டால் பகலிலும் பிளாஷ் அடியுங்கோ. கோடையில் ஹம் காமாட்சி அம்மன் தேரை வெளிர்வானத்துக்கு எதிராக எடுத்தாலும் இதே வைத்தியம்தான். பிளாஷ் மட்டும் மூன்று நாலு மீற்றருக்கு அங்கால் எட்டாது.

அதனால் கலியாண மண்டபத்தில் பின்வரிசையில் இருந்து பிளாஷ் அடித்தால் முன்னால் இருப்பவரின் தலைதான் வெளிக்கும். அதை நிப்பாட்டி, ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கி, கமராவைக் கதிரையில் ஊன்றிப் பிடியுங்கோ. 1600 வரை ஏத்த வேண்டாம். இந்தக் கமராக்கள் பலதில் உணரி ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அகலம்தான். படம் புள்ளி புள்ளியாகிவிடும். டிஜிற்றல் சூமும் வேண்டாம். அது படத்தை வெட்டிப் பெருப்பிக்கிற வேலை. எழும்பிக் கிட்டப் போங்கோ.

வாங்கேக்க மெகாபிக்சலை மட்டும் கேட்கிறோம். அந்த +/− பொத்தான் எங்கே என்றும் ஒருக்கால் கேட்டால் என்ன?