பயிருக்கு அளவு உண்டு, உழைப்பாளிக்கு இல்லையா?

கல்லணை தாண்டி வரும் காவிரித் தண்ணீரில், முழங்கால் சேற்றில் நின்று நாற்று நடுகிறவர்கள் நம் பெண்கள். அந்தத் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று சர்க்கார் ஏடு சொல்கிறது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீரை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. குளிக்கும் நீர் 'பி' வகுப்பு. 100 மில்லி லிட்டரில் கோலிபார்ம் கிருமி 500க்கு மேல் கூடாது. பாசன நீர் கடைசி வகுப்பான 'இ'. அதில் உப்புக்கு வரம்பு உண்டு, போரானுக்கு வரம்பு உண்டு. கிருமிக்கு வரம்பே இல்லை! பயிர் கருகக் கூடாதென்று கணக்குப் பார்த்தவர்கள், நாள் முழுதும் அந்த நீரில் நிற்கும் மனிதரை மறந்துவிட்டார்கள். நாம் குளிப்பதும் துவைப்பதும் அதே வாய்க்காலில்தானே?

ஆலைத் தொழிலாளருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்த நொய்யல், காவிரியில்தான் சேருகிறது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவை விட்டவர் முதலாளி. கூலி இழந்தவர் தொழிலாளி. கெட்ட ஆறு இரு சாராரையும் வதைக்கிறது.

நீரை வகைப்படுத்தவும், தர அளவுகளை விதிக்கவும் மாற்றவும் 1974ஆம் வருஷச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மாநில வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. நாம் கோருவது இதுதான்: டெல்டா வாய்க்கால்களுக்குக் குளிக்கும் நீரின் அளவையே விதியுங்கள். பரிசோதனை முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் எழுதிப் போடுங்கள். அளவுகளைத் திருத்தும்போது விவசாயத் தொழிலாளர் பிரதிநிதிகளையும் உட்கார வையுங்கள்.

தோழர்களே, கிராம சபைதோறும் இதைத் தீர்மானமாக்குவோம்!