டி.பி. ராஜலட்சுமி நடிகை மட்டும்தானா?

தமிழின் முதல் பேசும்படம் காளிதாஸ், 1931, கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. பொது அறிவுப் புத்தகங்களில் இந்த ஒரு வரிதான். கூடப்போனால் 'சினிமா ராணி' என்ற பட்டம். அதோடு மேட்டர் ஓவர்!

திருவையாற்றில் பிறந்து, சிறுமியாகவே கல்யாணம் கட்டிவைக்கப்பட்டு, அது முறிந்தபின் நாடக மேடை ஏறியவர். நடிப்போடு நின்றாரா? கமலவல்லி என்று நாவல் எழுதினார். 1936ல் அதையே மிஸ் கமலா என்று படமாக்கினார். கதை, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகி எல்லாம் அவரே. தென்னிந்தியாவில் ஒரு பெண் இயக்கிய முதல் படம் அது. மேடையேறிய பெண்ணை ஊரே ஒரு மாதிரியாகப் பேசிய காலம்... அதில் ஒரு பெண் முதலும் போட்டு, நஷ்டம் வந்தாலும் தன் தலையில்தான் என்று துணிந்தார். 1939ல் மதுரை வீரனையும் இயக்கினார்.

அதே 1936ல் வந்ததுதான் சதி லீலாவதி. அதை எடுத்த எல்லிஸ் ஆர். டங்கனை எல்லோரும் இயக்குநர் என்றுதான் சொல்கிறார்கள். (எம்.ஜி.ஆரின் முதல் படம் ஆயிற்றே!) ராஜலட்சுமி மட்டும் ஏன் இன்னும் வெறும் நடிகை?

மிஸ் கமலாவின் படச்சுருள் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்வார்கள். காளிதாஸின் சுருளும்தான் கிடைக்கவில்லை. அதில் அவர் கதாநாயகி என்பது மட்டும் எப்படி மறக்காமல் இருக்கிறதாம்?

'நடிகை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுத்தாளர், இயக்குநர், தயாரிப்பாளர் என்று மூன்று சொல் சேர்த்தால் எந்தப் பதிப்பகத்துக்கும் மை தீர்ந்துவிடாது.