கடைக்கு ஒரு மடக்குக் கத்தி

தராசுக்கு முத்திரை போட்டிருக்கிறதா என்று பார்க்க அதிகாரி வருகிறார். உரிமச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறதா என்று பார்க்க இன்னொருவர் வருகிறார். மூட்டையை எதைக் கொண்டு பிரிக்கிறீர்கள் என்று கேட்க மட்டும் யாரும் வருவதில்லை. அதனால்தானோ என்னவோ, லட்சக்கணக்கில் சரக்கு புரளும் கடையிலும் சணலை அறுக்க ஓர் ஒழுங்கான கத்தி இருப்பதில்லை. முகம் மழிக்கும் பிளேடில் பாதி, முனை முறிந்த அரிவாள், சாவி, அவசரத்துக்குப் பல், கடைசியாகப் பிளாஸ்டிக் உறை போட்ட கட்டர். இவற்றை வைத்தே பல தலைமுறையாகக் காலம் தள்ளுகிறோம். இதை விட்டுவிட்டு, மூட்டையில் கை வைக்கும் ஒவ்வொருவர் பையிலும் நல்ல மடக்குக் கத்தி ஒன்று இருக்கும்படி முதலாளிகளே வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கட்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். ஜப்பானில் அச்சகத் தொழிலில் இருந்த யோஷியோ ஒக்காடா என்பவர் 1956-ல் கண்டுபிடித்த சாதனம் அது. சாக்லேட் கட்டியைக் கோட்டுக்குக் கோடு ஒடித்துத் தின்பதுபோல, மழுங்கிய நுனியை ஒடித்து எறிந்தால் அடுத்த நுனி புதிதாக வேலை செய்யும் என்பது அவர் யோசனை. காகிதம் வெட்டுகிறவனுக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் வாசகர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒடிவதற்கென்றே செய்த அலகை, நாம் துவரம் பருப்பு மூட்டையின் வாய்க்கு நேர் மேலே வைத்து, பக்கவாட்டில் நெம்பி இழுக்கிறோம். ஒடிந்த துண்டு எங்கே போகும்? பருப்புக்குள்தான் போகும். சில்லறைக் கடைக்காரர் ஒருவர், வாடிக்கையாளர் வீட்டுச் சுளகில் அகப்பட்ட கட்டர் துண்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் மண்டிக்கு வந்தார். அது அவர் கடையில் விழுந்ததா, எங்களிடத்தில் விழுந்ததா, மில்லில் விழுந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாள் சுளகில் புடைக்கிற பழக்கம் உள்ளவராக இருந்தார், பிழைத்தோம். இப்போது பாக்கெட்டைப் பிரித்து நேரே குக்கரில் கொட்டுகிற வீடுகளே அதிகம்.

பாதி பிளேடின் கதை வேறு. அதற்குப் பிடி என்பதே இல்லை. பார்சலை அறுக்கிறவன் விரல்தான் பிடி. ஏலக்காய்ப் பெட்டியின் நைலான் பட்டையை அறுக்கப் போய், கட்டை விரலுக்குக் கீழே உள்ளங்கையைக் கிழித்துக்கொண்ட ஆளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். ஒரு மாதம் அவரால் முடிச்சுப் போட முடியவில்லை. பொட்டலம் கட்டுகிற தொழிலில் விரல் போனால் என்ன மிச்சம்? சிறு கடைகள் பலவற்றில் ஈ.எஸ்.ஐ. வசதியும் கிடையாது. தையல் போடும் செலவும், ஆள் இல்லாத நாட்களின் நஷ்டமும் கல்லாவிலிருந்துதான் போகிறது. அதோடு கணக்கிட்டால் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் கத்தி விலையே இல்லை.

சரி, எப்படிப்பட்ட கத்தி வாங்குவது?

அலகு மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சணல், டேப், பட்டை, கோணித் தையல் எதற்கும் இரண்டரை அங்குலமே தாராளம். நீளம் கூடினால் சட்டைப் பையில் உறுத்தும்; பார்க்கிறவர் கண்ணையும் உறுத்தும். நாம் மிக முக்கியம் என்று கருதுவது பூட்டு. பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவிய பேனாக்கத்தி நினைவிருக்கும். அதில் பூட்டு இல்லை. முதுகில் உள்ள வில்லின் அழுத்தத்தில் மட்டும் அலகு நிற்கும். இழுத்து அறுக்கும்வரை ஒன்றும் ஆகாது. நுனியை எதிலாவது குத்தி நெம்பினால் படக்கென்று மடங்கி விரலின்மேல் விழும். மூட்டை வேலையில் குத்துவதும் நெம்புவதும் வேண்டாமென்று சொன்னாலும் நடக்கும். ஆகவே திறந்ததும் அலகு பூட்டிக்கொள்ள வேண்டும். நாமாக விடுவித்தால் ஒழிய மடங்கக் கூடாது. முதுகில் அழுத்தி விடுவிக்கும் பூட்டு ஒரு வகை. பிடிக்குள் ஒரு தகடு சாய்ந்து வந்து அலகின் அடியில் முட்டுக் கொடுப்பது இன்னொரு வகை. பிரான்சில் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியில், கழுத்தில் ஒரு வளையத்தைத் திருகிவிட்டால் பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955-ல் சேர்க்கப்பட்டது. எளிய ஏற்பாடுதான், ஆனால் மழைக்காலத்தில் மரம் ஊதி, அலகு வெளியே வர மறுக்கும். சுவிட்சர்லாந்துப் பட்டாளத்துக்காக 1891-ல் செய்யத் தொடங்கிய கத்தியின் வழிவந்த சிவப்புக் கத்தியை வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் கொண்டுவந்து தருவார்கள். கத்தரி, ஊசி, தக்கை திருகி எல்லாம் அதில் உண்டு. அழகான சாமான்தான். ஆனால் அதன் சிறிய வகைகளில் பூட்டு இருக்காது. முதலாளி மேசைமேல் இருக்கட்டும்; கிடங்குக்கு அது உதவாது.

வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். கத்தியைத் திறந்து, அலகின் முதுகைப் பலகையில் லேசாகத் தட்டுங்கள். பூட்டு நழுவினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அலகைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆணியில் ஆட்டம் இருக்கக் கூடாது.

அடுத்தது நுனி. கூர்நுனிக் கத்தி மூட்டைக்கு ஆகாது. கோணியைத் தாண்டி உள்ளே இறங்கி, பாக்கெட் சரக்காக இருந்தால் பாக்கெட்டையும் கிழித்துவிடும். வாய் நேராகவும், முதுகு வளைந்து வந்து நுனி மொட்டையாகவும் இருக்கிற அலகே நமக்கு ஏற்றது. ஆடுகிற கப்பலில் கயிறு அறுக்கும் மாலுமிகள் அந்தக் காலத்திலேயே இந்த வகையைத்தான் வைத்திருந்தார்கள்.

எஃகு விஷயத்தில் மளிகைக்காரருக்கு மற்றவர்களுக்கு இல்லாத தொல்லை ஒன்று உண்டு. நம்மிடம் புளி இருக்கிறது, உப்பு இருக்கிறது. பழைய காலத்துச் சாதா எஃகு சீக்கிரம் கூர் ஏறும், நன்றாக அறுக்கும். ஆனால் புளிச் சிப்பத்தை அறுத்ததும் கறுக்கும், உப்பு மூட்டையை அறுத்துத் துடைக்காமல் மடக்கினால் காலையில் துரு பூத்திருக்கும். ஆகவே நமக்குத் துருப்பிடிக்காத எஃகுதான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய் தேயாமலிருக்க எஃகு தேடியபோது 1913-ல் அகப்பட்டது அது. குரோமியம் கலந்ததால் துரு ஏறுவதில்லை. பெயரை நம்பி உப்பிலேயே போட்டு வைத்தால் அதுவும் புள்ளி விழும். மாலையில் துணியால் ஒரு துடைப்பு அவசியம். நம்மூர்ப் பட்டறைகளை மறந்துவிட்டோம் என்று யாரும் கோபிக்க வேண்டாம். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு ஈடு ஏது? லாரியின் வில்பட்டையில் அடித்த கத்தி தலைமுறைக்கு வரும். ஆனால் பூட்டுள்ள மடக்குக் கத்தி நுணுக்க வேலை. அதை நம் கொல்லர்களிடம் கேட்டு வாங்குவார் இல்லாததால் அவர்களும் செய்வதில்லை.

கத்தி வாங்கியாயிற்று என்பதற்காக எல்லா மூட்டையையும் அறுக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் சாக்குகளில் மெஷின் தையல் சங்கிலித் தையலாக இருக்கிறது. தையல் முடிந்த முனையில் நூலை மட்டும் அறுத்து, சரியான இழையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் பிரிந்து வந்துவிடும். மறுமுனையில் எவ்வளவு இழுத்தாலும் வராது. இது தெரியாமல் சாக்கின் வயிற்றிலேயே கத்தியை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கோணிச் சாக்கில் இது நேரடி நஷ்டம். தையலை அறுத்துப் பிரித்த சாக்குக்குப் பழைய சாக்கு வியாபாரி கொடுக்கும் விலை வேறு, கிழிந்த சாக்குக்குக் கொடுக்கும் விலை வேறு. (2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு வரி வந்ததும், அரிசி ஆலைகள் 26 கிலோ சிப்பம் போடத் தொடங்கினவே, அந்தச் சாக்குக்கும் இதே தையல்தான். வரிக்கு வழி கண்டுபிடிக்கிற நாம் நூலுக்கு வழி கண்டுபிடிக்கக் கூடாதா!)

அறுக்கும்போது வாய் நம்மைப் பார்த்து வரக் கூடாது. மூட்டையைத் தொடையில் சாய்த்து அறுப்பது கெட்ட பழக்கம். மூட்டையைப் பிடித்திருக்கும் இன்னொருவர் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டே கத்தியை வைக்க வேண்டும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்; கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். சண்டை வருமோ வராதோ, விரல் தப்பும். இந்த வழக்கத்தைக் கடைகளில் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கலாம். மீறிக் காயம் பட்டால் காப்பிப் பொடியை அள்ளி வைக்க வேண்டாம். சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டியதுதான். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று அவர் கேட்பார்.

மழுங்கிய கத்தி ஆபத்தில்லாதது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தலைகீழ். மழுங்கினால் அழுத்த வேண்டும், அழுத்தினால் நழுவும். மாதம் ஒருமுறை எண்ணெய்க் கல்லில் தீட்டினால் போதும். கல்லுக்கும் அலகுக்கும் இடையே சுமார் இருபது டிகிரி சாய்வு. இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை. கல் இல்லாத இடத்தில் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் மெருகு இல்லாத வளையம் இருக்கும், அதுவும் வேலை செய்யும். செய்தித்தாள் விளிம்பைப் பிசிறில்லாமல் சீவினால் கூர் ஏறிவிட்டது என்று பொருள். சாணைக்காரரிடம் கொடுப்பதானால் பக்கத்திலேயே நின்று, அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல்ல வேண்டும். பொறி பறக்கத் தேய்த்து வாய் நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் பதம் போய்விட்டது. பிறகு எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நிற்காது. ஆணிக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும்.

சங்க அன்பர்கள் சிலர் இதைப் பேசியபோது, போலீஸ் பிடிக்காதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. அதிலும் வீடு, விவசாயம், தொழில் உபயோகத்துக்கென்று செய்தவை நீங்கலாக. நாம் சொல்லும் கத்தி அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பொத்தானை அழுத்தினால் சீறிப் பாயும் கத்தியும், சினிமா வில்லன் வைத்திருந்த ராம்பூர்க் கத்தியும் வியாபாரிக்கு எதற்கு? அவற்றை வைத்துக்கொண்டு மூட்டை பிரிக்க என்று சொன்னால் எந்தக் காவலரும் நம்ப மாட்டார். அப்படியே கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், விமானம் இவற்றுக்குப் போகும் நாளில் கத்தியைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போவது நலம். விமானத்தில் கைப்பையில் இருந்தால் எடுத்துக்கொண்டுவிடுவார்கள்.

இன்னொரு அன்பர், வேலையாட்கள் கையில் கத்தி கொடுத்தால் வாய்ச்சண்டை கைச்சண்டையாகிவிடாதா என்றார். இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. நம் கடைகளில் எடைக்கல் இருக்கிறது, குத்தூசி இருக்கிறது, லோடுமேன் கையில் இரும்புக் கொக்கி இருக்கிறது. அவற்றையெல்லாம் நம்பிக் கொடுத்திருக்கிற ஆளிடம் மூன்று அங்குலக் கத்திக்கு மட்டும் சந்தேகப்படுவது அவரை அவமதிப்பதாகும். எங்கள் மண்டியில் கத்திப் பிடியில் எண் எழுதி, ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறோம். இரவு கடை கட்டும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள தகரப் பெட்டிக்குத் திரும்பிவிடும். ஒன்று குறைந்தால் கிடைக்கும்வரை அன்று பிரித்த சரக்கு எதுவும் வெளியே போகாது. தன் எண் உள்ள கத்தியை அவரவரே துடைத்து வைக்கிறார்கள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. தனித்தனியாக வாங்கினால் சில்லறை விலை. உறுப்பினர்கள் எல்லோருக்கும் சேர்த்து உற்பத்தியாளரிடம் கேட்டால் மொத்த விலை. பூட்டு உள்ளதாக, மொட்டை நுனி, மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட துருப்பிடிக்காத அலகு என்று மாதிரி ஒன்றை முடிவு செய்து, இரண்டு மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கலாம். ஆயுத பூஜைக்கு முன்னால் கைக்கு வந்துவிட்டால், தராசுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் பக்கத்தில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, மறுநாளே வேலையாட்களிடம் கொடுத்துவிடலாம். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்.