சுருதி சேர்ந்த பானை

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பொம்மை வார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, மண் ஓரத்தில் படிகிறது. மிச்சத்தைக் கொட்டி அச்சைப் பிரித்தால் பொம்மை. அடுத்ததற்கும் அதே மூக்கு, அதே சிரிப்பு.

கூட வந்த ஆபீஸ் தம்பி, சாயங்காலங்களில் லைட் மியூசிக்கில் பாஸ் கிட்டார் வாசிப்பவன். கையால் செய்த கிட்டார் வாங்க லோன் போடப் போகிறானாம். சில லட்சங்கள்!

‘‘கடை கிட்டார்லயும் அதே நாலு கம்பிதானேப்பா?’’

‘‘கை வெச்சாத்தான் தெரியும் சார்.’’

எனக்கு மானாமதுரை கடம் ஞாபகம் வந்தது. அதுவும் மண்தான். ஆனால் அச்சு கிடையாது. சக்கரத்தில் வனைந்தபின், உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவருவார்கள். சூளையில் மண் சுருங்கும். அசல் சுருதி வெந்தபிறகுதான் தெரியும். கிட்டார் என்றால் முறுக்காணியைத் திருகலாம். கடத்துக்கு ஏது? பிசகு கொஞ்சமென்றால் களிமண் அப்பிச் சமாளிக்கலாம். அதிகமென்றால் தண்ணீர் ஊற்றி வைக்கலாம், குடிக்க!

1970-களில் ஜான் மெக்லாஃப்லினின் ‘ஷக்தி’ குழுவில் கிட்டார், வயலின், தபலா, விக்கு விநாயக்ராமின் கடம். பாஸ் கிட்டார் கிடையாது. கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தி எழுப்பும் கும்கியே அடிநாதம். பானை செய்தவரின் காதும் சேர்ந்துதான் அங்கே ஒலித்தது.

‘‘வாங்குப்பா’’ என்றேன்.

‘‘ஜாமீன் கையெழுத்து நீங்கதான் சார்.’’

போட்டுவிட்டேன். தவணையாவது சுருதி பிசகாமல் போகட்டும்!