தட்டுக்குப் பூச்சும் தம்பிக்குத் திட்டும்

ரெண்டு வாரமா இந்தப் பக்கமே வரல மக்கா. காரணம், செல்லுங்க தட்டுல ஒட்டமாட்டேன்னு ஒரே அடம். (கைபேசி இல்லைங்க, உயிரணு!)

எங்க லேப்ல புதுசா ஒரு தம்பி சேர்ந்திருக்கான். ஹெக் 293 செல்களை 24 குழித் தட்டுல வளர்த்தான். சாயம் போடக் கழுவினா மொத்தமும் ஆடையாட்டம் உரிஞ்சு வந்துடுது. மூணு தடவை. "உனக்குக் கை சரியில்ல"ன்னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லியாச்சு. பையன் முகம் செத்துப்போச்சு. நோண்டிப் பாத்தா, முன்னாடி இருந்தவர் தட்டுக்கு பாலி-டி-லைசின் பூசிட்டுத்தான் செல்லே போட்டிருக்கார். நோட்டுல ஒரு வரி எழுதி வைக்கல!

செல்லோட மேற்பரப்பு எதிர்மின்னூட்டம். பதப்படுத்தின பாலிஸ்டைரீன் தட்டும் அப்படித்தான். நேர்மின்னூட்டம் உள்ள லைசின் நடுவுல பசையா நிக்குது. (ஒரே அமினோ அமிலத்தைக் கோத்த சரம் அது, முழுப் புரதம்னு சொல்ல முடியாது, சண்டைக்கு வராதீங்க.) கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் கதை வேற. அங்க செல்லே இன்டெக்ரின்ங்கிற கையால பிடிச்சுக்குது. அத்தாம்பெரிய ஃபைப்ரோனெக்டின்ல அது பிடிக்கிறது ஒரு குட்டித் துண்டைத்தான்னு 1984ல பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் காட்டினாங்க.

இப்ப என் கடுப்புக்கு வர்றேன். ஆய்வுக் கட்டுரைகள்ல "பூச்சு பூசிய தட்டு"ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சுடுறாங்க. எந்தப் புரதம், எவ்வளவு செறிவு, எத்தனை மணி நேரம், எத்தனை தடவை கழுவினீங்க? கழுவுறது சும்மா இல்ல சாமி, ஒட்டாம மிஞ்சின பாலிலைசின் செல்லையே கொன்னுடும்.

இன்னொண்ணு, எதுக்கெடுத்தாலும் மேட்ரிஜெல். எலியோட புற்றுக்கட்டியில இருந்து எடுக்கிற சரக்கு அது. நூத்துக்கணக்கான புரதங்கள் கலந்திருக்கும், ஒரு பாட்டில் மாதிரி இன்னொண்ணு இருக்காது. முப்பரிமாண வளர்ப்புக்கு வேணும்தான், ஒத்துக்கறேன். சாதாரணமா ஒட்ட வைக்க எதுக்கு? காசு கொட்டிக் கிடக்கிற லேப் செய்யட்டும். நம்ம மாதிரி ஆளுங்க முதல்ல 0.1 சதவீத ஜெலட்டினையோ கொலாஜனையோ போட்டுப் பாக்கலாமே?

தம்பி பூச்சு போட்டு, ஒரு மணி நேரம் வச்சு, மலட்டு நீர்ல மூணு தரம் கழுவி, காயவிட்டு நேத்து மறுபடி செஞ்சான். கழுவின பிறகும் செல்லு அசையல. மைக்ரோஸ்கோப்புல என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

மீட்டிங்ல திட்டினவங்க இன்னும் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

டிஸ்கி: அந்த மீட்டிங்ல வாயை மூடிட்டு உக்காந்திருந்ததுல நானும் ஒருத்தன்.