உலாவி கேட்கும் உத்தரவு

பிறர் மனையுட் புகுவோர் வாயிலில் நின்று உத்தரவு பெற்றே புகுதல் நன்மக்கள் வழக்கு. கணினியின் உலாவி வழியே நாம் காணும் இணையதளங்களோ நெடுங்காலம் இவ்வழக்கிற்கு உட்படாதிருந்தன. 2025ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வெளிவந்த குரோம் உலாவியின் 142ஆம் பதிப்பு இக்குறையை நீக்க முற்பட்டது. இணையதளம் ஒன்று நம் வீட்டு வலையிலுள்ள கருவிகளை அணுக விரும்புங்கால், அனுமதிப்பதோ தடுப்பதோ என உலாவி இப்பொழுது நம்மை வினவுகின்றது. இதனை யாம் மனமுவந்து வரவேற்கின்றோம். எனினும், அவ்வினா அமைந்துள்ள முறையில் ஒரு பெருங்குறை உண்டென்பது எம் கருத்து.

வீட்டு வலை என்பது யாது? ஒரே வைஃபை ரவுட்டரோடு இணைந்த கைபேசி, அச்சுப்பொறி, தொலைக்காட்சி, காவற் கேமரா முதலியன தம்முள் உறவாடும் சிறு வலையே அது. 192.168 எனத் தொடங்குவன போன்ற சில முகவரிகள் இத்தகைய உள்வலைகட்கென்றே 1996ஆம் ஆண்டின் விதியொன்றால் ஒதுக்கப்பட்டுள்ளன. வெளியிலிருந்து எவரும் இம்முகவரிகளை நேரே எட்டவியலாது. ஆதலின், உள்ளிருப்போர் யாவரும் நம்மவரே என நம்பி, கடவுச்சொல்லும் கேளாத கருவிகள் பல செய்யப்பட்டன. ஆனால் உலாவி உள்ளே இருப்பதன்றோ! வெளித்தளம் அனுப்பும் நிரலை அது நம் கணினியிலேயே இயக்குகின்றது. அந்நிரல் உள்ளிருந்தே ஏனைய கருவிகளின் கதவைத் தட்டவல்லது.

இஃது வெறுங்கற்பனையன்று. ஈபே வணிகத்தளம், தன்னைக் காணவந்தோர் கணினிகளில் எவ்வெவ் வாயில்கள் திறந்துள்ளன என்று அவரறியாமலே சோதித்தமை 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியாயிற்று. மெட்டா, யாண்டெக்ஸ் என்னும் நிறுவனங்களின் நிரல்கள் பல்வேறு இணையதளங்களில் இருந்துகொண்டு, அதே ஆண்ட்ராய்டு கைபேசியிலுள்ள அந்நிறுவனங்களின் செயலிகளுக்கு, உலாவுவோரின் அடையாளங்களை மறைவாகக் கடத்தியதை ஆராய்ச்சியாளர் 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிப்படுத்தினர். கேளாமற் புகுவது எத்தகைய துணிவிற்கு இடந்தரும் என்பதற்கு இவையே சான்று.

நிற்க. இவ்வினா வெறுந்தொல்லை என்பாரும் உளர். அச்சுப்பொறியையும் வீட்டு விளக்குகளையும் உலாவி வழியே இயக்கும் நற்றளங்கள் இதனால் இடர்ப்படும் என்பது அவர் வாதம். ஒருமுறை விடை கூறுதல் அத்துணைப் பெரிய இடரன்று. ஆயினும், கேள்விகள் மிகமிக, மாந்தர் படியாமலே அனுமதி என்பதை அழுத்திவிடுவர் என்று அவர் கூறுவதில் உண்மை உண்டு. அவ்வாறாயின், வினாவைத் திருத்துதல் வேண்டுமேயன்றி நீக்குதல் தகாது.

குறை யாதெனிற் கூறுதும். உள்வலையிலுள்ள எந்தக் கருவியையும் தேடி இணையலாமா என்பதே அவ்வினாவின் சாரம். அச்சுப்பொறி ஒன்றை நாடிவந்த தளத்திற்கும் ரவுட்டர், கேமரா அனைத்தையும் ஒருசேரத் திறந்துவிடுவது எற்றுக்கு? கிணற்றைத் தூர்வாரவந்தவனிடம் வீட்டின் சாவிக்கொத்து முழுவதையும் கொடுப்பாருண்டோ? இதே உலாவி, யூ.எஸ்.பி., புளூடூத் கருவிகளைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டு முதலே வேறு நன்முறையைக் கைக்கொண்டுள்ளது. ஆண்டுக் கருவிகளின் பட்டியல் நம்முன் விரியும். நாம் தேர்ந்த ஒன்றே தளத்திற்குப் புலனாகும். உள்வலைக் கருவிகள் பலவற்றிற்கு நிலையான பெயரில்லை, முகவரியும் மாறும் என்பர். அருமையென்பது உண்மை, அருமையுடையதெல்லாம் ஆகாததன்று.

மற்றொன்று. உள்வலை ஒருவர் உடைமையன்று. மாணவர் விடுதியில் ஒரே வைஃபையில் பலர் கருவிகள் இணைந்திருக்கலாம். ஆண்டு ஒருவர் ஆராயாது அளிக்கும் அனுமதி, அடுத்த அறையிலிருப்பார் கருவியையும் அயலார்க்குக் காட்டுதல் கூடும். பலர்க்குரியதை ஒருவர் வழங்குதல் அறமாகுமா? ஒரு கருவியைத் தேர்ந்து அதற்குமட்டும் இசைவளிக்கும் முறை இக்கேட்டையும் பெரிதும் குறைக்கும்.

ஆகவே, எந்தத் தளம், எந்தக் கருவியை, எதன்பொருட்டு நாடுகின்றது என்னும் மூன்றையும் எளிய மொழியில் உணர்த்தி வினவுதல் உலாவி செய்வோர் கடன். அதுகாறும், நண்பர்காள், நம் கடனும் ஒன்றுண்டு. இவ்வினா எழுங்கால், நம் கருவி எதனையேனும் இயக்குமாறு இத்தளத்தை நாமே வேண்டினோமா என எண்ணுவோமாக. வேண்டிலேமெனின் தடுத்தலே தக்கது. முன்னர் அளித்த அனுமதியையும், முகவரிப் பட்டையின் இடப்புறத்துள்ள குறியைத் தொட்டு மீட்டுக்கொள்ளலாம். அறிந்து அளிப்பதே அனுமதி. அறியாது அழுத்துவது வெறும் விரலசைவே.