நட்ட நாற்று பச்சை பிடிக்கட்டும்

கேள்வி: எனக்கு வயது 47. ஊத்து எஸ்டேட்டில் பிறந்தேன். 26 வருடம் கொழுந்து பறித்தேன். 2024-ல் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, மணிமுத்தாறு பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு 52 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கையில் உள்ள பணத்தில் 2 ஏக்கர் பாட்டத்துக்குப் பிடித்து வாழை போடலாம் என்கிறார் என் கொழுந்தனார். எங்களுக்கு வயல் வேலை தெரியாது. மலையில் அட்டைக்கும் யானைக்கும் பயப்படாதவள், இங்கே கடைக்குப் போய்ப் பேசவே தயங்குகிறேன். தைரியம் எப்படி வரும்? வாழையில் இறங்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: சகோதரி, வாழைக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் வேண்டாம். ஏன் வேண்டாம், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதைக் கீழே எழுதுகிறேன். தைரியம் எப்படி வரும் என்ற கேள்விக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகியவை மணிமுத்தாறுக்கு மேலே மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காட்டில் உருவானவை. அந்தக் குத்தகைக் காலம் 2028 பிப்ரவரியோடு முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல், கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்தது. நாலு தலைமுறையாக அங்கே இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. வழக்குகள் நீதிமன்றம் போயின. அந்த நியாயங்களைப் பேச இந்தப் பக்கம் இடமல்ல. இறங்கி வந்தவர்கள் நாளைக் காலை என்ன செய்வது என்பதுதான் நம் பேச்சு.

தைரியம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாட்டன் பூட்டன்மார் சமவெளியிலிருந்து கிளம்பி, முன்பின் தெரியாத மழைக்காட்டுக்கு ஏறியவர்கள். 1999 ஜூலை 23 அன்று உங்கள் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில், தாமிரபரணி ஆற்றில் 17 உயிர் போனது. இந்த மாவட்டத்தில் யாரும் அதை மறக்கவில்லை. அப்படிப்பட்ட மக்களிடம் தைரியம் இல்லை என்றால் நான் நம்பமாட்டேன். உங்களிடம் இப்போது இல்லாதது பழக்கம். புது இடத்தில் எது ஆழம், எது மேடு என்று கால் அறியாததால் வரும் தயக்கம் இது. அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாழ்க்கையை மாற்றிக்கொள்ளத் துணிச்சல் வேண்டும் என்று பேசுகிறவர்கள் நம்மாழ்வார் ஐயாவை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து அரசு வேலையை 1969-ல் உதறியவர். பிறகு நம் களக்காடு பக்கத்துக் கிராமங்களில் பல வருடம் உழவர்களோடு வேலை பார்த்தவர். பெரிய மனிதர், பெரிய முடிவு. ஆனால் அது அவராகவே எடுத்த முடிவு. எந்த நாளில் கிளம்புவது என்பதும் அவர் கையில் இருந்தது. உங்கள் நிலை அப்படியல்ல. தானாகக் கிளம்பியவருக்குச் சொல்லும் புத்தி, கிளம்ப வைக்கப்பட்டவருக்கு அப்படியே பொருந்தாது. "துணிந்து இறங்கு" என்று யாராவது சொன்னால், அது உங்களுக்கான பேச்சு இல்லை என்று விட்டுவிடுங்கள்.

உங்களுக்குப் பொருந்தும் பாடம் இந்தப் பள்ளத்தாக்கின் வயலிலேயே இருக்கிறது. நெல் நாற்றைப் பிடுங்கி நட்டதும் அது மஞ்சளாகிவிடும், தலை சாயும். வேர் அறுந்திருப்பதுதான் காரணம். ஒரு வாரம், பத்து நாளில் புது வேர் விட்டுப் பச்சை பிடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் அனுபவசாலி செய்வது ஒன்றுதான்: இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு மெல்லத் தண்ணீர் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். புதியவரோ மஞ்சளைக் கண்டதும் பதறி யூரியாவைக் கொட்டுவார். வேர் இல்லாத பயிர் அதை எடுக்காது. உரம் தண்ணீரோடு போய்விடும். இறங்கி வந்த புதிதில், மனது வாடியிருக்கும்போது, மொத்தப் பணத்தையும் 2 ஏக்கர் வாழையில் போடுவதும் அப்படித்தான்.

இன்னும் கேளுங்கள். வயது கடந்த நாற்றை நட வேண்டி வந்தால் நாங்கள் மூன்று யோசனை சொல்வோம். இடைவெளியைக் குறைத்து நெருக்கி நட வேண்டும். கொத்துக் கொத்தாகச் சேர்த்து நடக்கூடாது. நட்டால் புதுத் தூர் வெடிக்காது. அடியுரத் தழைச்சத்தை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்காக வைக்க வேண்டும். 47 வயதிலும் 52 வயதிலும் இடம் மாறியவர்களுக்கு இந்த மூன்றும் அப்படியே பொருந்தும்.

முதலாவது, நெருக்கம். உங்களோடு இறங்கிய குடும்பங்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். கூப்பிட்டால் வரும் தூரத்தில் நாலு வீடாவது இருக்கட்டும். வாடகை நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. மகளிர் குழு ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள். கடையில் பேசத் தயக்கம் என்றீர்களே, அது நாலு பேரோடு போய் வந்தால் தானே விலகும்.

இரண்டாவது, கொத்தாக நடாமை. உங்கள் பணம், கொழுந்தனார் பணம், இன்னும் இரண்டு பேர் பணம் எல்லாம் ஒரே பாட்ட நிலத்தில், ஒரே பயிரில் விழுந்தால், ஒரு காற்றில் நாலு குடும்பமும் சாயும். உறவு வேறு, கணக்கு வேறு. பக்கத்தில் இருங்கள், அவரவர் வேர் ஓட இடம் விட்டு இருங்கள்.

மூன்றாவது, அடியுரம். ஒரு வருடச் சாப்பாடு, வாடகை, பிள்ளைகள் படிப்புச் செலவைக் கணக்குப் போட்டு, அந்தத் தொகையைத் தொடாமல் தனியே வையுங்கள். மீதியில் ஒரு பங்கு தபால் ஆபீஸ் மாதாந்திர வருமானத் திட்டத்தில் இருக்கட்டும். தனிக் கணக்கில் 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை போடலாம். வட்டி மாதாமாதம் வரும். சம்பள நாள் என்ற ஒன்றுக்குப் பழகிய வீட்டுக்கு அது சிறு ஊன்றுகோல். பி.எஃப். பணம் வாங்கும்போது பென்ஷனையும் கேளுங்கள். 10 வருடப் பணி முடித்தவர்களுக்கு 58 வயதில் பென்ஷன் உண்டு. 50-க்கு மேல் முன்கூட்டியும் வாங்கலாம், ஆனால் முந்துகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். கணவர் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாமல் இதை விசாரித்துக்கொள்ளட்டும்.

இனி வாழைக்கு வருவோம். ஏத்தன் வாழை வெட்டுக்கு வர 10 முதல் 12 மாதம் ஆகும். கன்று, உரம், முட்டுக்கம்பு, ஆள்கூலி எல்லாம் சேர்த்து ஏக்கருக்குச் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டும், பாட்டம் தனி. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்றுக்குக் குலை தள்ளிய வாழை சாய்வது நம் பகுதியில் புதிதல்ல. தார் விலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று பழுத்த வாழை விவசாயிக்கே தெரியாது. வாழை கெட்ட பயிர் என்று சொல்லவில்லை. முதல் பயிராக வாழை வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வருடம் முழுக்கக் காத்திருந்து ஒரே நாளில் தெரியும் முடிவு, புதிதாக இறங்குகிறவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும்.

முதல் பயிர் மூன்று தகுதி உடையதாக இருக்கட்டும். சீக்கிரம் முடிய வேண்டும். தோற்றாலும் வீடு ஆடக்கூடாது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை அதில் இருக்க வேண்டும்.

என் யோசனை 20 சென்டில் வெண்டை. விதைத்து 45 நாளில் முதல் பறிப்பு. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். மூன்றரை மாதத்தில் பயிர் முடிந்துவிடும். பிஞ்சுக்கும் முற்றலுக்கும் ஒரு நாள்தான் வித்தியாசம். கண் பார்த்ததும் கை ஒடிக்க வேண்டும். இந்த வேலையை உங்களுக்கு யார் கற்றுத்தர முடியும்? இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்து 26 வருடம் பறித்த கை உங்களுடையது. பறித்ததை எடைபோட்டு எழுதும் பழக்கத்திலும் வளர்ந்தவர் நீங்கள். அதே பழக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு, இன்று பறித்த கிலோ, விற்ற விலை, ஆன செலவு என்று எழுதி வாருங்கள். எங்கள் விவசாயிகளில் பலர் செய்யாத வேலை அது.

விதையை நரம்புத் தேமல் நோயைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். அந்த நோயை வெள்ளை ஈ பரப்பும். நாலைந்து மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டிவிடுங்கள். நோய் கண்ட செடியைத் தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். ஓரத்தில் ஒரு சென்ட் கீரை போட்டால் 25 நாளிலேயே கையில் காசு பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டும். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். மலையில் மண்ணுக்குச் செய்ததைக் கீழே அப்படியே செய்யக்கூடாது. எடுக்கும் நிலத்தில் ஐந்தாறு இடத்தில் ஆங்கில வி எழுத்துப் போல 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி, கலந்து, அரைக் கிலோவை வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குக் கொண்டு வாருங்கள்.

கணவர் முதல் வருடம் கூலி வேலைக்குப் போகட்டும். இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஒருவர் பயிரில், ஒருவர் கூலியில் என்று இருந்தால் அடுப்பு அணையாது. பிசானத்தில் தொழி உழவு, நடுவை, அறுப்பு என்று வயலுக்கு வயல் போனால் கூலியோடு பாடமும் கிடைக்கும். எந்த மடையில் தண்ணீர் முதலில் வரும், எந்த வயல் கடைமடை, யார் பேச்சு சுத்தம் என்பதெல்லாம் வரப்பில் நின்றால்தான் தெரியும். தொழிற்சாலையில் இயந்திரத்தோடு பழகியவர் என்பதால் மோட்டார், தெளிப்பான் பழுது பார்ப்பதிலும் அவருக்கு வேலை கிடைக்கும்.

அடுத்த வருடம் பாட்டத்துக்கு நெல் வயல் எடுப்பதாக இருந்தால் அப்போதும் நிதானம். கார் பருவத்துக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறப்பது வழக்கம் என்றாலும், அணையில் இருப்பு இல்லாத வருடத்தில் திறக்கமாட்டார்கள். "கார் தண்ணீர் வராவிட்டால் அந்தப் போகத்துக்குப் பாட்டம் இல்லை" என்பதை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை வருடம், இடையில் நிலத்தை விற்றால் பயிருக்கு என்ன வழி என்பதையும் எழுதுங்கள். ஒரு குத்தகை முடிந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டத்தில் உங்களைவிடப் பட்டு அறிந்தவர் யாரும் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் பெயரில் அடங்கல் வாங்கிவிட்டால், பாட்டத்துக்குப் பயிரிடுபவரும் பயிர்க் காப்பீடு செய்யலாம். நெல்லுக்கு விவசாயி கட்டும் பங்கு காருக்கு 2 சதவீதம், பிசானத்துக்கு 1.5 சதவீதம், வாழை போன்ற தோட்டப் பயிருக்கு 5 சதவீதம் வரை.

தைரியம் எப்படி வரும் என்று கேட்டீர்கள். அது முன்னால் வந்து நின்று நம்மை அழைத்துப் போவதில்லை. 20 சென்ட் வெண்டையை முடித்து, நோட்டைக் கூட்டிப் பார்க்கும் அன்று கொஞ்சம் வரும். நட்டமே வந்திருந்தாலும், எதனால் வந்தது என்று நோட்டு சொல்லும்போது பாதிப் பயம் போய்விடும். ஒரு பிசானம் முடிந்ததும் இன்னும் கொஞ்சம் வரும். அதற்குப் பிறகு வாழை பற்றி உங்கள் கொழுந்தனாரோடு உட்கார்ந்து பேசுங்கள். அப்போது நீங்களே கேள்வி கேட்பீர்கள், கணக்கும் கேட்பீர்கள்.

மணிமுத்தாறு அணைக்கு வரும் தண்ணீர் உங்கள் எஸ்டேட் மலையில் பெய்த மழைதான். அந்தத் தண்ணீரில்தான் இனி உங்கள் பயிரும் விளையப் போகிறது. வெண்டை முதல் பறிப்பு முடிந்ததும் எத்தனை கிலோ என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். உங்களோடு இறங்கி வந்த மற்றவர்களும் அவரவர் நிலத்தின் தண்ணீர், மண், கையிருப்பு விவரத்தோடு எழுதினால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன்.